கட்டம் போட்டு வரைகிறவர்களுக்கு

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கோவளம், மாமல்லபுரம் பக்கங்களில் இருந்துகொண்டு பழைய இசைத்தட்டு உறைகளைச் சுவரிலும் கித்தானிலும் திரும்ப வரையும் இளம் ஓவியர்களுக்கு,



உங்களில் ஓரிருவரைத்தான் நேரில் தெரியும். மற்றவர்களைச் சுவர் வழியாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காப்பிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். பீட்டில்ஸ் நால்வரும் ஒரு சுவரில் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு முப்பட்டகம் வெள்ளை ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஆர்மோனியத்தோடு இளையராஜா. கை நன்றாகவே படிந்திருக்கிறது. ஆனால் அந்த முப்பட்டகத்தை வரைந்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் ஏழு வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். 1973-ல் வந்த பிங்க் ஃபிளாய்டு உறையில் இருப்பது ஆறுதான். கருநீலம் அதில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்ததை வரைந்துவிட்டீர்கள், கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டீர்கள்.

நகலெடுக்கிறவனெல்லாம் ஓவியனா என்று உங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. முதலில் அவர்களிடம் உங்களுக்காகப் பேசிவிடுகிறேன். அப்புறம் உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் தூரிகை பிடித்தவர்களில் கட்டம் போடாமல் வந்தவர்கள் எத்தனை பேர்? வார இதழில் வந்த படத்தின் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அதைவிடப் பெரிய கட்டங்கள். மூக்கு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, புருவம் எந்தக் கோட்டை வெட்டுகிறது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணிய பிள்ளைகள்தான் பிறகு ஓவியர்கள் ஆனார்கள். சினிமா பேனர் வரைந்தவர்களுக்கும் கட்டம்தான் முதல் பாடம். 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய 80 அடி சிவாஜி கட்-அவுட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவ்வளவு உயரத்தில் ஒரு முகம் கோணாமல் வர வேண்டுமென்றால் அளவு பிடிக்கும் கண் வேண்டும். அந்தக் கண் பார்த்துப் பார்த்து வரைவதால் வருவது.

எங்கள் தலைமுறைக்குக் கட்டம் போட நல்ல படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனந்த விகடனில் சில்பி கோயில் சிற்பங்களை வரைந்தார். நாமக்கல்லிலிருந்து வந்த பி.எம். சீனிவாசனுக்குச் சில்பி என்று பெயர் வைத்தவர் விகடன் ஓவியர் மாலி. போட்டோவை வைத்துக்கொண்டு வரைகிறவர் அல்ல சில்பி. கோயிலிலேயே உட்கார்ந்து, தூணைப் பார்த்து வரைந்தவர். கல்லில் இருக்கும் மணிமாலையைக் கோட்டில் கொண்டுவரும்போது எந்த மணியை முழுதாகப் போடுவது, எதை நிழலில் விடுவது என்று அவர் எடுத்த முடிவுகள், அவர் படத்தைக் கட்டம் போட்டு வரைந்தவர்களுக்குத்தான் தெரியும். அம்புலிமாமாவில் சங்கர் இருந்தார். 1952-ல் அங்கே சேர்ந்த அவர் வரைந்த, வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனைப் பார்த்து வரையாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. கல்கியில் மணியம் இருந்தார். வந்தியத்தேவன் முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் நாம் நினைப்பது அவர் போட்ட முகத்தைத்தான், யார் எத்தனை சினிமா எடுத்தாலும்.

இதழ் வாங்க வசதியில்லாத வீட்டிலும் காலண்டர் இருந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜு நாடகத் திரைச்சீலையும் சாமி படமும் வரைந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர் அவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. குருவின் படத்தைச் சீடன் வரைந்தான், சீடனின் படத்தை அவன் சீடன் வரைந்தான். யாரும் அதை நகல் என்று சொல்லவில்லை, தொழில் பழகுகிறான் என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சி கிடக்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரிய பாறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலர் அதை பகீரதன் தவம் என்பார்கள், அந்த வழக்கு நமக்கு வேண்டாம். அங்கே பிளவில் இறங்கும் நாகங்களையும், ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டியும் இருப்பீர்கள். அதே காட்சியை இன்னொரு பாறையில் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்டது ஒன்று கலங்கரை விளக்கத்துப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. அதன் முன்னால் கூட்டம் நிற்பதில்லை. முதலில் செய்து பார்த்துக் கைவிட்டதா, பெரியதைப் பார்த்துப் பிறகு செய்ததா என்று அறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, 7-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கடற்கரையில் ஒரே காட்சியை இரண்டு பாறையில் செய்ய ஒரு கூட்டம் உளி எடுத்திருக்கிறது என்பதுதான். சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்ட மகேந்திரவர்மனின் நாடு இது. 1957-ல் இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக நிற்கிறது. உத்தம தசதாளம் என்றால் 124 அங்குலம் என்று அளவைப் படித்து, முன்னோர் போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டுக் கையைப் பழக்கிய பிறகுதான் உளி கைக்கு வருகிறது.

இசைத்தட்டு உறைக்கு வருவோம். 1930களின் கடைசி வரை தட்டுகள் பெரும்பாலும் வெற்றுக் காகித உறையில்தான் வந்தன. கொலம்பியா கம்பெனியில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் உறைமேல் படம் போட்டால் பாட்டு விற்கும் என்று பிடிவாதம் பிடித்தவர். பிறகு எல்.பி. வந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டு. அதைவிடக் கொஞ்சம் பெரிய சதுர அட்டை. ஓவியனுக்கு அது போதுமான இடம், ஓவியம் வாங்கக் காசில்லாத வீட்டிலும் சுவரில் சாத்தி வைக்கலாம்.

அந்த உறைகளில் முழுக்க முழுக்கச் சொந்தமாக யாரும் கண்டுபிடித்தது என்று பார்த்தால் அதிகம் தேறாது. முப்பட்டகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உறையை வடிவமைத்த ஹிப்னோசிஸ் குழுவினர் ஓர் இயற்பியல் பாடப்புத்தகத்தில் பார்த்த படத்திலிருந்து யோசனையைப் பிடித்தார்கள், கோட்டில் வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. நம் ஊரில் நாய் மார்க் ரெக்கார்டு என்று சொன்னோமே, அந்த நாயும் ஒரு கித்தான் ஓவியத்தில் இருந்ததுதான். 1898-ல் பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது எடிசன் வகை உருளைப் பெட்டி. கிராமபோன் கம்பெனி வாங்குவதாகச் சொன்னதும் அந்தப் பெட்டியின் மேலேயே வண்ணம் பூசித் தட்டு சுழலும் கிராமபோனை வரைந்து கொடுத்தார். அதன்பின் கம்பெனி கேட்கக் கேட்க அதே படத்தை அவரே 24 தடவை திரும்ப வரைந்தார். தன் படத்துக்குத் தானே நகலெடுத்துப் பிழைத்த மனிதர். உங்களைக் கேலி செய்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

இனிமேல்தான் சண்டை.

அதே காப்பிக் கடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்சிஸ்: போல்ட் அஸ் லவ்' உறையும் இருந்தது. 1967-ல் வந்தது. பல தலைகள், பல கைகள், பின்னால் தீக்கதிர், நடுவில் ஹென்ட்ரிக்ஸும் கூட்டாளிகள் இருவரும். அது நம் வீட்டுப் பூஜையறையில் மாட்டுகிற விஸ்வரூப தரிசனப் படம். கடைகளில் சட்டம் போட்டு விற்ற ஒரு சாமி படத்தை எடுத்து, திருமாலின் முகம் இருந்த இடத்தில் இந்த மூவர் முகங்களையும் பொருத்தினார்கள். கார்ல் ஃபெரிஸ் எடுத்த புகைப்படத்தை வைத்து முகங்களை வரைந்தவர் ரோஜர் லா. புகைப்படக்காரர் பெயர் தெரியும், முகம் வரைந்தவர் பெயர் தெரியும். அத்தனை தலையையும் கையையும் தீயையும் ஒழுங்குபடுத்திய அந்த முதல் ஓவியரின் பெயர் மட்டும் உறையில் இல்லை. ஹென்ட்ரிக்ஸுக்கே இதில் பெரிய மகிழ்ச்சி இருக்கவில்லை; அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட மரபு அமெரிக்கப் பழங்குடி மரபு, நம்முடையது அல்ல. 2014-ல் மலேசிய இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்து, அந்நாட்டு உள்துறை அமைச்சகம் இந்தப் படத்துக்குத் தடை போட்டது. 1997-லும் இப்படி ஒன்று நடந்தது. ஏரோஸ்மித் குழுவின் 'நைன் லைவ்ஸ்' உறையில் காளிங்க நர்த்தனக் கண்ணனுக்குப் பூனைத் தலை வைத்தார்கள். அது ஹரே கிருஷ்ண இயக்கத்துப் புத்தகம் ஒன்றில் வந்த ஓவியத்திலிருந்து எடுத்தது. எதிர்ப்பு வந்ததும் கம்பெனி உறையையே மாற்றியது.

தெய்வக்குற்றம் பற்றி நான் பேசவில்லை. அதைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சுவரின் மூலையில் உங்களில் ஒருவர் 'ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நம் ஊர்க் காலண்டர் ஓவியனிடமிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம் கடற்கரைக்கு வந்த படம் அது. போகும்போதும் அவன் பெயர் இல்லை, வரும்போதும் இல்லை. லண்டன்காரர்களுக்குத் தெரியாமல் போனது சரி. பூஜையறையில் அதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குமா அது ஹென்ட்ரிக்ஸ் படமாக மட்டும் தெரிந்தது?

எஸ். ராஜம் விஷயத்திலும் இதையேதான் செய்கிறோம்: படத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறோம். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் நீங்கள் எந்த முகத்தோடு நினைக்கிறீர்களோ அந்த முகங்கள் ராஜம் வரைந்தவை. கர்நாடக இசைக் கேசட், குறுந்தகடு, சபா மலர், கல்யாணப் பத்திரிகை என்று அவை ஏறாத இடமில்லை. தமிழ்நாட்டில் அதிகம் அச்சான இசைப்படம் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ராஜம் (1919–2010) வெறும் ஓவியரும் அல்ல, தேர்ந்த பாடகர். கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் செய்த கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பியவர், வானொலியில் வேலை பார்த்தவர், 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தவர், வீணை எஸ். பாலச்சந்தரின் அண்ணன். சென்னை ஓவியப் பள்ளியில் எண்ணெய் வண்ணமும் மேல்நாட்டு முறையும் கோலோச்சிய காலத்தில் அவருக்கு மனம் போனது அஜந்தாவுக்கும் சித்தன்னவாசலுக்கும். நீண்ட கண்ணும் வளைந்த விரலும் நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவி வருகிற மங்கலும் அங்கிருந்து வந்தவை. அவரும் பார்த்துப் பழகியவர்தான், அதை மறைத்ததில்லை. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனர் அஜந்தா வண்ணத்தின் ரகசியத்துக்காகப் பரஞ்சோதியை அத்தனை தூரம் அனுப்புவாரே, அந்தப் பைத்தியம் கற்பனை அல்ல.

அவர் படத்தைத் திருப்பி வரையுங்கள், விற்கவும் செய்யுங்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கோ, அவர் எழுதிக் கொடுத்தவருக்கோ உண்டு. ராஜத்தின் படங்களுக்கு அது 2070 வரை நீள்கிறது. வீட்டில் கை பழக வரைவதை யாரும் கேட்கப் போவதில்லை. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றால் கேட்பார்கள். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உரிமையை விற்றுவிட்டாலும், இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது. காசு கொடுத்து அனுமதி வாங்கினாலும் பெயரை விட முடியாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அஞ்சலி வரைந்து விற்பது கேவலம் என்று சொல்லுகிற ஆளும் நான் இல்லை. சோழமண்டல் ஓவியர் கிராமம் உங்கள் சாலையில்தான் இருக்கிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியபோது அது செங்கல்பட்டு மாவட்டத்துக் கடலோர மணல்வெளி. நிலத்துக்கான பணம் பெரும்பாலும் பாத்திக் துணி விற்று வந்தது. பாதி நாள் துணிக்கு மெழுகும் சாயமும், மீதி நாள் யாருக்கும் விற்க வேண்டிய கட்டாயமில்லாத ஓவியம். உங்கள் இசைத்தட்டு உறைகள் உங்களுக்குப் பாத்திக்காக இருக்கட்டும். மீதி நாளில் என்ன வரைகிறீர்கள் என்பதைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

பணிக்கரையே பாருங்கள். வான்கா, க்ளே என்று மேல்நாட்டு ஓவியர்களை ஆழ்ந்து பார்த்தவர். 1963-ல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்குக் குறியும் படிக்க முடியாத எழுத்தும் நிறைந்திருக்கும். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் கண்ணில் பட்டதுதான் அதற்குத் தூண்டுதல் என்பார்கள். பார்த்த எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொண்டு, கடைசியில் நோட்டுப் பக்கத்தில் வழி கண்டார். உங்களிடமும் அப்படி ஏதோ ஒரு பக்கம் இருக்கும்.

தொழில் விஷயமாக ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இளையராஜா காலத்து எக்கோ கம்பெனி இசைத்தட்டு உறைகளை வரையும்போது முகத்துக்கு மூன்று நாள் உழைக்கிறீர்கள். படத்தின் பெயரை மட்டும் கணினி எழுத்துருவில் இறக்கி ஒட்டிவிடுகிறீர்கள். அந்த எழுத்துதான் உறையின் பாதி உயிர். பரணி, உபால்டு, ஈஸ்வர் போன்றவர்கள் படத்துக்குப் படம் எழுத்தைக் கையால் வளைத்தார்கள். 'டிசைன்ஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரைத் திரையில் பார்த்து வளர்ந்தோம். சிற்றிதழ் பக்கம் போனால் கே.எம். ஆதிமூலம், காந்தியைக் கோட்டில் பிடித்த அதே கை, பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும் தலைப்பெழுத்து எழுதிக் கொடுத்தது. கொக்கியும் சுழியும் தமிழ் எழுத்தில் எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தால்தான் அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியும். உறையை வரைகிறேன் என்று சொல்லிவிட்டு எழுத்தை விட்டுவிடுவது பாதி வேலை.

போட்டோவாகக் கைப்பேசியில் வந்ததைப் பார்த்து வரையாதீர்கள், முடிந்தால் உறையையே கையில் வைத்து வரையுங்கள். தட்டின் விளிம்பு உள்ளிருந்து உரசி அட்டையில் போட்ட வட்டத் தேய்மானம், சிவப்பு கொஞ்சம் விலகி விழுந்த அச்சு, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். இணையத்தில் கிடைக்கிற படம் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும்தான். பெயர் இருப்பது பின்பக்கம். பழைய பேப்பர் கடைகளில் இந்த அட்டைகள் கிலோக் கணக்கில் போகின்றன. தட்டு கீறியிருந்தாலும் உறையை வாங்கி வையுங்கள்.

நான் கேட்பது இதுதான். அடுத்த சுவரில் கையெழுத்துப் போடும்போது உங்கள் பெயருக்கு மேலே மூலத்தை வரைந்தவர் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் உறையில் என்ன இருந்தது, எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்றாவது எழுதுங்கள். தெரிந்துகொள்ள முயற்சியும் எடுங்கள். சென்னையிலும் செங்கல்பட்டிலும் பேனரும் சினிமா விளம்பரமும் வரைந்த பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் படத்துக்கு யார் வரைந்தது, யார் எழுத்து எழுதியது என்று ஞாபகத்திலிருந்தே சொல்வார்கள். உறைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்; இந்த ஆண்டே போங்கள்.

அன்புடன்,
உங்கள் சுவர்களின் வாடிக்கைப் பார்வையாளன்